அந்தி தாண்டாத சட்னியும் அடி வாங்கும் பாட்டிலும்

அந்தக் காலத்தில் வாய் உள்ளதெல்லாம் பேசிக்கொண்டிருந்தது. மனிதருக்கும் மாட்டுக்கும் காக்கைக்கும் வாய் இருந்தது, பேசின. பானைக்கும் ஜாடிக்கும் வாய் இருந்தது, அவையும் பேசின. அம்மிக்கு வாய் கிடையாது. அதனால் அது அன்றைக்கும் இன்றைக்கும் உம்மென்று கிடக்கிறது. உப்புக்குச் சொந்தமாக வாய் இல்லையென்றாலும், எந்தப் பாத்திரத்தில் இருக்கிறதோ அந்தப் பாத்திரத்தின் வாயால் பேசிக்கொள்ளும். எந்த வருஷம், எந்த ராஜா என்று என்னைக் கேட்கக் கூடாது. ரயில் ஓடிக்கொண்டிருந்தது என்று மட்டும் தெரியும். ஏனென்றால் கதை நடந்தது ஒரு ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில்.

கேட்டை ஒட்டி ஒரு தகரக் கூரைக் கடை. கடைக்காரி பெயர் பேராச்சி. காலையில் வெல்லப் பாகும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து இனிப்புப் பணியாரம் சுடுவாள். வெயில் ஏறியதும் எண்ணெய்ச் சட்டி அடுப்புக்கு வந்துவிடும். பன்னை நடுவே பிளந்து, உள்ளே மசால் வடையை வைத்து, உள்ளங்கையால் ஒரு அமுக்கு அமுக்கிக் கொடுப்பாள். இப்போது அதைப் பர்கர் என்கிறார்கள். அப்போது அதற்குப் பேர் வைக்க யாருக்கும் நேரமில்லை, கேட் திறந்துவிடும். கூடவே உருளைக்கிழங்கை விரல் விரலாக நறுக்கி, மொறுமொறுவென்று பொரித்து, தாளில் கொட்டித் தருவாள். பேராச்சியின் வியாபாரமெல்லாம் கேட் அடைப்பதற்கும் திறப்பதற்கும் நடுவில்தான். அடைத்தால் கூட்டம், திறந்தால் ஓட்டம்.

வடைப் பன்னுக்கும் விரல் வறுவலுக்கும் தொட்டுக்கொள்ள அங்கே இருந்தது ஒன்றே ஒன்று. காரச்சட்னி.

இவள்தான் நம் கதைக்காரி. மாதத்துக்கு ஒருமுறை பேராச்சி அம்மி முன்னால் உட்காருவாள். மிளகாய் வற்றல், சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, கை நிறையக் கல் உப்பு. அரைத்து வழித்து, மேலே நல்லெண்ணெய் ஊற்றிப் பீங்கான் ஜாடியில் நிரப்பினால் அடுத்த மாதம் வரைக்கும் காரச்சட்னிக்கு ஒரு குறையும் வராது. ஆமாம், அந்தக் காலத்துச் சட்னி கெடாது. உப்பு அப்போது சட்னிக்குள் ருசிக்கு மட்டும் இருந்ததில்லை, காவலுக்கும் இருந்தது. புளிப்பு, நுரை, பூசணம் என்று எது எட்டிப் பார்த்தாலும் ஜாடி வாயிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிடும். காரச்சட்னி அந்த உப்பை உப்பண்ணாச்சி என்று கூப்பிடுவாள்.

தினமும் கடை திறந்ததும் பேராச்சி செய்கிற முதல் வேலை ஒன்று உண்டு. ஜாடி மூடியைத் திறந்து, கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்து, உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பாள்.

"நல்லா இருக்கியாட்டி?" என்று கேட்பாள்.

"எனக்கென்ன, ராணி மாதிரி இருக்கேன்" என்பாள் காரச்சட்னி.

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அந்த உள்ளங்கைக்காகத்தான் அவள் மற்ற நேரமெல்லாம் இருந்தாள். லாரிக்காரர்கள் 'ஸ்ஸ்' என்று நாக்கை நீட்டிக்கொண்டு மறுபடியும் கேட்பதும், கேட்காரர் ஆதிலிங்கம் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு "இன்னும் ஒரு கரண்டி விடு தாயி" என்று நிற்பதும் அவளுக்குப் பெருமைதான். என்றாலும் உள்ளங்கை வேறு. பேராச்சி முதலில் தன்னைத்தான் தொடுகிறாள் என்பதில் அவளுக்கு அப்படி ஒரு மிதப்பு.

அந்த மிதப்பு இறங்குகிற நாளும் வந்தது.

பேராச்சியின் புருஷன் தளவாய். பன் வாங்க டவுனுக்குப் போய் வருவது அவன் வேலை. ஒருநாள் பன் மூட்டையோடு சட்டைக்குள் எதையோ ஒளித்துக் கொண்டுவந்தான்.

"பேராச்சி, இத என்னன்னு சொல்லு பாப்போம்."

"என்னத்தக் கொண்டாந்திருக்கீக?"

"சாஸு! தக்காளி சாஸு. டவுன்ல கடைக்குக் கடை இதான் ஓடுது. அரைக்க வேண்டாம், ஆட்ட வேண்டாம். சாய்ச்சா வருது."

கண்ணாடி பாட்டில். கழுத்து நீளம், உடம்பு வழுவழுப்பு, உள்ளே ஒரு திப்பி கிடையாது, ஒரு விதை கிடையாது. தளவாய் மூடியைத் திறந்து அவனைப் பலகைமேல் வைத்ததும், அவன் கடையைச் சுற்றிப் பார்த்து எல்லாப் பாத்திரங்களுக்கும் வணக்கம் சொன்னான். பிறகு ஜாடிப் பக்கம் திரும்பினான்.

"நீங்கதான காரச்சட்னி அக்கா? வர்ற வழியெல்லாம் பஸ்ஸுல உங்களப் பத்தித்தான் பேச்சு."

"என்ன பேச்சு?"

"ஒரு விரல் தொட்டாலே கண்ணுல தண்ணி வந்துருமாமே!"

அவன் பெருமையாகத்தான் சொன்னான். காரச்சட்னிக்கு அது குத்தலாகக் காதில் விழுந்தது. ஒருவனைப் பிடிக்கவில்லை என்று முடிவு செய்துவிட்டால் அவன் வணக்கம் சொன்னாலும் தப்புத்தான், சொல்லாவிட்டாலும் தப்புத்தான்.

அன்று மத்தியானம் கேட் அடைத்தது. கூட்டம் மொய்த்தது. அந்தக் காலத்துச் சாஸ் பாட்டிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சொம்பைச் சாய்த்தால் தண்ணீர் வருகிற மாதிரி, சாய்த்த மாத்திரத்தில் அவன் வந்துவிடுவான். ஒருத்தருக்குக் கொஞ்சம், அடுத்தவருக்குக் கொஞ்சம், சிந்தாமல் சிதறாமல். காரச்சட்னிக்கோ ஒரே கரண்டி, அதற்கு வரிசை. ரயில் வரப்போகிற அவசரத்தில் யார் வரிசையில் நிற்பார்கள்? கை பாட்டிலுக்குப் போயிற்று. பிள்ளைகள் வறுவலை அதில் தோய்த்துத் தோய்த்துத் தின்றுவிட்டு விரலையும் சப்பின.

'பிள்ளைகள்தானே, இனிப்பைக் கண்டால் அப்படித்தான்' என்று காரச்சட்னி தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆதிலிங்கம் வரட்டும், அவர் நம் ஆள்.

ஆதிலிங்கம் வந்தார். ஜாடியைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். பாட்டிலைச் சாய்த்து ஒரு வறுவலைத் தோய்த்து வாயில் போட்டார்.

"இதுவும் நல்லாத்தான் இருக்கு, என்ன!" என்றார். இன்னொன்று தோய்த்தார்.

ஜாடிக்குள் சுருக்கென்றது. நமக்குப் பொறாமை வந்தால் வயிறு எரியும். சட்னிக்கு உடம்பே வயிறு; மொத்தமும் எரிந்தது. அதற்கு மேலே ஒன்று நடந்தது. கூட்டம் கலைந்ததும் பேராச்சி பாட்டிலை எடுத்தாள். ஒரு சொட்டைத் தன் உள்ளங்கையில் விட்டாள். நக்கினாள். நாக்கைச் சப்புக்கொட்டி, "பரவால்லயே!" என்று சிரித்தாள்.

காரச்சட்னி பார்த்துக்கொண்டே இருந்தாள். அதே உள்ளங்கை. அவளுடைய உள்ளங்கை.

மறுநாள் காலையில் பேராச்சி ஜாடியைத் திறக்க மறந்தாள். வேண்டுமென்று செய்யவில்லை, பன் வந்து சேரத் தாமதம், அடுப்பு வேறு புகைந்தது. அடுத்த நாளும் மறந்தாள். அதற்கடுத்த நாள், பாட்டில் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும் என்று அவனைப் பலகையின் முன்னால் வைத்து, ஜாடியை மண்ணெண்ணெய் டின் பக்கம் ஒதுக்கினாள். பக்கத்தில் கந்தல் துணி, உடைந்த ஜல்லிக் கரண்டி. ராணி இருந்த இருப்பு இது.

பாட்டிலாவது கர்வம் பிடித்தவனாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். அவன் அப்படியும் இல்லை. "அக்கா, அங்க வெயில் அடிக்குதா? அக்கா, இன்னிக்கு ஏன் பேசவே மாட்டேங்கிறீங்க?" என்று விடாமல் விசாரித்தான். அவன் விசாரிக்க விசாரிக்க அவளுக்கு எரிச்சல் கூடியது. அவன் வழுவழுப்பைப் பார்த்தாள், தன் திப்பியைப் பார்த்தாள். அவன் ருசி எல்லாருக்கும் பிடிக்கிறது, தன் ருசிக்கு ஆள் பொறுக்க வேண்டியிருக்கிறது. இவன் வராமல் இருந்திருந்தால்! இவன் கெட்டு ஒழிந்தால்!

மத்தியான ரயில் போன பிறகு கடையில் ஈ ஓட்டுகிற நேரம் ஒன்று வரும். பேராச்சி சாக்கை விரித்துக் கண்ணயர்ந்திருந்தாள். தளவாய் பீடி வாங்கப் போயிருந்தான். காரச்சட்னி மெல்லக் கூப்பிட்டாள்.

"உப்பண்ணாச்சி."

"என்னம்மா?" என்றார் உப்பு. இரண்டு பேருக்கும் ஜாடி வாய் ஒன்றுதான் என்பதால், பார்க்கிறவர்களுக்கு அவள் தனக்குத்தானே பேசுகிற மாதிரி இருக்கும்.

"நீங்க அந்தப் பாட்டிலுக்குள்ள போகணும். போய் அவன உப்புக் கரிக்க வைக்கணும். சாயந்தரம் கேட் அடைக்கையில அத்தன பேரும் தூ தூன்னு துப்பணும்."

"நான் போயிட்டா உன்ன யாரு பாத்துக்கிடுவா?"

"ஒரு பொழுதுதான அண்ணாச்சி. போயிட்டு வந்துருங்க."

"கரைஞ்சு போறதுக்குத்தான் எனக்கு வழி தெரியும். திரும்பி வாரதுக்கு வழி தெரியாது தாயி. நல்லா யோசிச்சுச் சொல்லு. அவன் உன்ன என்ன செஞ்சான்?"

"அவ கையில இருந்தான்" என்றாள் காரச்சட்னி. "அது போதாதா?"

உப்பு ஜாடிக்குள் ஒருமுறை காவல் சுற்றி வந்தார். பிறகு, "நான் இல்லாம நீ ஒரு ராத்திரி தாங்கமாட்ட" என்றார்.

"தாங்காட்டாப் போறேன். அவன் கரிச்சுக் கெடக்கிறதக் கண்ணால பாத்தாப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு."

காவல்காரர் என்ன செய்ய முடியும்? வீட்டுக்காரி போ என்றால் போக வேண்டியதுதான். உப்பு கீழேயிருந்து மேலேறி வந்து, ஜாடியின் வாய் விளிம்பில் வெள்ளை வெள்ளையாகத் திரண்டு நின்றார்.

தளவாய்க்கு எதையும் மூடி வைக்கிற பழக்கம் கிடையாது. பாட்டிலின் மூடி எங்கோ கிடந்தது, ஜாடி மூடியும் ஒருபக்கம் சரிந்துதான் கிடந்தது. காரச்சட்னி குரலில் தேன் தடவிக்கொண்டாள்.

"தம்பி, ஒரு ரகசியம் சொல்லணும். கிட்ட வா."

பாட்டிலுக்கு நம்ப முடியவில்லை. வந்த நாளிலிருந்து அவன் ஏங்கிய ஒரு வார்த்தை. 'தம்பி' என்று கூப்பிட்டுவிட்டாள்! பலகைமேல் நகர்ந்து நகர்ந்து வந்தான். டின்மேல் சாய்ந்து, நீளக் கழுத்தை வளைத்து, தன் வாயை அவள் வாயோடு சேர்த்து வைத்தான்.

"சொல்லுங்க அக்கா" என்றான்.

அவள் மொத்த உப்பையும் அவன் வாய்க்குள் கொட்டினாள்.

பாட்டில் இருமினான், புரையேறியது. நிமிர்ந்து தன் இடத்துக்குப் போய், "என்னக்கா குடுத்தீங்க?" என்றான்.

"பலகாரம்" என்றாள் அவள்.

சாயந்தரம் கேட் அடைத்தது. காரச்சட்னி மூடிக்குள்ளிருந்து காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். ஆதிலிங்கம்தான் முதலில் தோய்த்தார். மென்றார். நிறுத்தினார். 'துப்பு, துப்பு' என்று அவள் மனசுக்குள் கத்தினாள்.

"ஏ பேராச்சி! இன்னைக்கு இதுல என்னத்தச் சேத்த?" என்றார் ஆதிலிங்கம். "நேத்து வெறும் இனிப்பா வழிஞ்சுது. இன்னைக்கு அப்படியே நாக்கப் பிடிச்சு இழுக்குதே!"

கூட்டம் பாட்டில்மேல் விழுந்தது.

பணியார மாவில் வெல்லம் கரைத்ததும் பேராச்சி ஏன் ஒரு சிட்டிகை உப்புப் போடுகிறாள்? போட்டால்தான் இனிப்பு எடுத்துக்காட்டும். இதைக் காரச்சட்னி தினமும் பக்கத்திலிருந்து பார்த்தவள். கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். ஆனால் பொறாமை கண்ணை மட்டுமா மறைக்கிறது, கைப்பழக்கத்தில் தெரிந்ததையும் மறைத்துவிடுகிறது. அந்தச் சாஸில் இருந்த இனிப்பு அவ்வளவு உப்பையும் வாங்கி வைத்துக்கொண்டது. உப்பண்ணாச்சிக்கும் அங்கே சுகமாக இருந்தது. காரம் இல்லை, திப்பி இல்லை, வாய் சின்னது, காவலுக்கு வசதி. அவர் அங்கேயே தங்கிவிட்டார்.

ராத்திரி காரச்சட்னிக்குள் முதல் குமிழி கிளம்பியது. தடுக்க ஆள் இல்லை.

காலையில் பேராச்சி, எத்தனையோ நாளைக்குப் பிறகு, அவளாகவே ஜாடிப் பக்கம் வந்தாள். முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சி. "ஏட்டி, ஒன்ன மறந்தே போனேன் பாரு" என்று சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்தாள். திறந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். நுரை விளிம்பில் நின்றது. புளித்த வாடை கடை முழுக்க அடித்தது.

"என்னட்டி ஆச்சு உனக்கு?"

காரச்சட்னி காத்திருந்த உள்ளங்கை அவ்வளவு பக்கத்தில் வந்து மூக்குக்குப் போய்விட்டதே, அதற்குப் பிறகு என்ன பேச்சு? பேராச்சி ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய், முருங்கை மரத்துத் தூரில் கொட்டினாள். சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, செங்கல்மேல் கவிழ்த்து வைத்தாள்.

கவிழ்த்து வைத்த ஜாடி ஒன்றும் பேச முடியாது. வாய் அடைத்துக் கிடக்கும். ஆனால் காது நன்றாகவே கேட்கும். அந்த இரண்டு மூன்று நாளும் காரச்சட்னி வெறும் குரலாகத்தான் உள்ளே இருந்தாள். இருந்து எல்லாவற்றையும் கேட்டாள். தளவாய் சொன்னது நெஞ்சில் தைத்தது.

"நல்லதாப் போச்சு. சாஸே போதும். அம்மிய வாசல்ல கெடத்து பேராச்சி, வாரவங்க உக்காரட்டும்."

பேராச்சி "ம்" என்றாள்.

சரி என்று சொல்கிற 'ம்'மா, பார்க்கலாம் என்று சொல்கிற 'ம்'மா? காரச்சட்னிக்குத் தெரியவில்லை. அம்மி வெளியே போனால் அவள் கதை முடிந்தது. இனி அவளை அரைக்க யாரும் உட்காரப் போவதில்லை. பாட்டில் கெட வேண்டும் என்றுதான் அவள் கேட்டாள், வேறு ஒன்றும் வேண்டாம் என்று அவளே சொன்னாள். இப்போது அந்த வேறு ஒன்று இருக்கிறதே, அந்த உள்ளங்கை, அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அழுதாள். ஜாடியின் உள் ஈரம் காயவே இல்லை என்று பேராச்சி அதை இன்னும் கொஞ்சம் வெயிலில் நகர்த்தி வைத்தாள்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, மத்தியானம் ஆதிலிங்கம் வந்தார். வறுவலைச் சாஸில் தோய்த்து ஒன்று தின்றார், இரண்டு தின்றார். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "தாயி, அந்தக் காரம் எங்க? நாக்கு செத்துப்போய்க் கெடக்கு" என்றார்.

"கெட்டுப்போச்சு அண்ணாச்சி. கொட்டிட்டேன்."

"கெட்டுப்போனா அரைக்க மாட்டியா? கை என்ன சுளுக்கிக்கிட்டா?"

அவர் போன பிறகு பேராச்சி ஒரு வறுவலை எடுத்துத் தானும் தோய்த்துத் தின்றாள். இனிப்பு, உப்பு, புளிப்பு எல்லாம் இருந்தது. ஆனாலும் திகட்டியது. யாரோ எங்கேயோ, முகம் தெரியாத ஊருக்குச் செய்த ருசி. அவள் தாளைத் தள்ளி வைத்துவிட்டு அம்மிப் பக்கம் போனாள். தளவாய் அதை வாசலுக்குத் தள்ளக் கடப்பாரையோடு நின்றுகொண்டிருந்தான்.

"கொஞ்சம் அங்கிட்டுப் போங்க" என்றாள் பேராச்சி. "எனக்கு அரைக்கணும்."

மிளகாய், வெங்காயம், பூண்டு, தக்காளி எல்லாம் வந்தது. உப்புப் பானைக்குள் கையை விட்டாள். உப்பெல்லாம் ஒரே குடும்பம். சேதி அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தது. பானையின் வாயால் உப்பு சொன்னது: "ருசிக்கு வாரேன். காவலுக்கு வரமாட்டேன்."

"ஏன், நான் என்ன குறை வச்சேன்?"

"நீ ஒண்ணும் வைக்கல. காவல்ல இருந்த எங்க ஆள வெளிய அனுப்புனது அவ. ஏன் அனுப்புனான்னு அவகிட்டயே கேளு."

பேராச்சி கேட்கவில்லை. ஜாடியைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள். பாட்டிலின் கழுத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. ஜாடியை நிமிர்த்தி வைத்தாள்.

"அடி பொறாமக்காரி!" என்றாள். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "இதுக்கா உடம்பக் கெடுத்துக்கிட்ட?"

"ஆமா" என்றாள் ஜாடிக்குள் இருந்த குரல்.

"இனி நீ சாயந்தரத்துக்கு மேல தாங்கமாட்ட, தெரியும்லா?"

"தெரியும்."

"சாயந்தரம் வரைக்கும் இருந்தாப் போதும். நாளைக்கு உள்ளத நாளைக்கு அரைச்சுக்கிடுதேன்."

அரைத்து வழித்தாள். கொஞ்சம்தான், அன்றைக்கு ஆகிற அளவு. உப்புச் சரியா என்று தெரிய வேண்டுமே? ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். மறுநாளும் புதிதாக அரைத்தாள், மறுநாளும் நக்கிப் பார்த்தாள். புதுச் சட்னி என்றால் உப்புப் பார்க்காமல் எப்படி? முன்பாவது ஒருநாள் மறக்கலாம். இப்போது மறக்கவே வழியில்லை. மாதத்துக்கு ஒருமுறை அம்மியில் பட்ட கை இப்போது தினமும் பட்டது. ஆயுசு குறைந்துவிட்டது, ஆனால் ஏங்கியது கிடைத்துவிட்டது. காரச்சட்னிக்கு அதில் வருத்தமே இல்லை.

வருத்தம் இடம் மாறி உட்கார்ந்துகொண்டது.

பாட்டில் பலகை முன்னாலேயேதான் இருந்தான். கெடவில்லை. மாதம் போனது, மழை வந்து போனது, அவன் அப்படியே இருந்தான். உப்பண்ணாச்சி உள்ளே காவல். தோளில் தூசி படிந்தது. எல்லாரும் அவனைச் சாய்த்தார்கள், ஊற்றினார்கள், போனார்கள். குறைந்தால் தளவாய் டவுனிலிருந்து வாங்கிவந்து நிரப்பினான். பேராச்சி அவனை நக்கிப் பார்த்தது அந்த முதல் நாள்தான்; அதற்குப் பிறகு எதற்குப் பார்க்க வேண்டும்? அவன் ருசி மாறவா போகிறது? அவன் எதிரிலேயே தினமும் காலையில் குழவி உருண்டது, வளையல் குலுங்கியது, "நல்லா இருக்கியாட்டி?" என்று குரல் கேட்டது.

ஒருநாள் அவன் தாங்க மாட்டாமல் சொன்னான். "அக்கா, நீங்க சாயங்காலம் செத்துப்போறீங்க. காலைல அவங்க உங்கள மறுபடியும் உண்டாக்குறாங்க. நான் சாகவும் இல்ல. என்ன யாரும் உண்டாக்கவும் இல்ல."

காரச்சட்னிக்கு முதலில் ஒரு அற்ப சந்தோஷம் வந்தது. வராமல் இருக்குமா? இந்தப் பாட்டிலைப் பார்த்து அவள் எத்தனை நாள் வெந்திருக்கிறாள். ஆனால் அவன் குரலில் இருந்த எரிச்சல் அவளுக்கு நன்றாகத் தெரிந்த எரிச்சல். அது எங்கே சுடும், எப்படிச் சுடும் என்று அவளுக்குத்தான் தெரியும். அன்றைக்கு இவன் வாயில் கொட்டியது பலகாரம் இல்லை என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஒரு யோசனை சொன்னாள்.

"சாய்ச்ச உடனே வந்துட்டா எவ தம்பி ஒன்னத் தொடுவா? கொஞ்சம் பிடிச்சு வச்சுப் பாரு."

பாட்டில் அதைப் பிடித்துக்கொண்டான்.

அன்று சாயந்தரம் கேட் அடைத்தது. தூரத்தில் ரயில் ஊதியது. ஆதிலிங்கம் அவசரமாக ஓடிவந்து பாட்டிலைச் சாய்த்தார். வரவில்லை. குலுக்கினார். வரவில்லை. தலைகீழாகப் பிடித்து ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தார். "என்ன தாயி, இவன் வாயக் கட்டிட்டானே!" என்றார்.

"இங்க கொண்டாங்க" என்று பேராச்சி பாட்டிலைக் கையில் வாங்கினாள்.

இடது கையால் கழுத்தைப் பிடித்தாள். சூடான கை, மிளகாயும் பூண்டும் மணக்கிற கை. பாட்டில் கண்ணை மூடிக்கொண்டான். அவன் உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதற்குத்தானே இத்தனை நாள்! வலது உள்ளங்கை விரிந்து அவன் பக்கம் வருவதைப் பார்த்தான். தடவிக் கொடுக்கத்தான் வருகிறது என்று நினைத்தான்.

அந்தக் கை அவன் அடியில் 'பட்' என்று ஓங்கி ஓர் அறை விட்டது.

பிடித்து வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. வறுவல்மேல் கொஞ்சம், பலகைமேல் கொஞ்சம், மீதி எல்லாம் ஆதிலிங்கத்தின் காக்கிச் சட்டைமேல். கூட்டம் சிரித்தது. பேராச்சி தலையில் அடித்துக்கொண்டாள். பாட்டிலுக்கு வலித்தது. ஆனால் கை தொட்டதே! இரண்டையும் அவனுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. மறுமுறை சாய்த்தபோதும் பிடித்து வைத்துக்கொண்டான்.

ஜாடிக்குள் காரச்சட்னி இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யோசனை சொன்னவள் அவள்தான். ஆனாலும் பேராச்சியின் கை பாட்டில்மேல் பட்ட அந்த நொடியில் அவளுக்கு மறுபடியும் சுருக்கென்றது. அடிதான் என்று தெரிந்த பிறகும் அது முழுதாக ஆறவில்லை. அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது, அவள் புளிக்க ஆரம்பித்தாள்.

அன்று முதல்தான் வீட்டில் அரைத்த சட்னி அந்தி தாண்டுவதில்லை. கடையில் வாங்கிய சாஸ் ஆண்டு கடந்தும் கெடுவதில்லை, ஆனால் கையால் ஒரு அடி வாங்காமல் வெளியே வருவதும் இல்லை.